இரண்டாவது டைரக்டர்

கம்பெனியை மூடப் போகிறேன் என்று சொன்னதும் ஆடிட்டர் கேட்ட முதல் கேள்வி, "மேடம் வரலையா சார்?" என்பதுதான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இருபத்திரண்டு வருஷம் இந்தக் கம்பெனிக்காக வெயிலில் காய்ந்தவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன், இவர் வராத ஆளை விசாரிக்கிறார். "அவ எதுக்குங்க? பேப்பரைக் குடுங்க, வீட்டுல கையெழுத்து வாங்கியாரேன்," என்றேன். அதுவரைக்கும் அப்படித்தான் நடந்திருந்தது.

"ஆரம்பிக்கிறப்ப அப்படிப் பண்ணலாம் சார். மூடுறப்ப முடியாது. நாளைக்கு யாராச்சும் இந்தக் கம்பெனி எனக்குப் பணம் தரணும்னு வந்து நின்னா, ரெண்டு டைரக்டரும் சொந்தக் காசுல குடுப்போம்னு எழுதிக் குடுக்கணும். படிச்சுப் பாக்காம அதுல யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. அடுத்த வாரம் மேடத்தையும் கூட்டிட்டு வாங்க."

இரண்டாவது டைரக்டர் என் மனைவி. இந்த ஆடிட்டருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். இவருடைய அப்பாதான் எங்கள் பழைய ஆடிட்டர். புதுக்கோட்டை கீழராஜ வீதியில் அதே அறை, அதே நாற்காலி. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு மகன் உட்கார்ந்திருக்கிறார். அப்பாவாக இருந்தால் பேப்பரைக் கொடுத்து அனுப்பியிருப்பார் என்று முனகிக்கொண்டே படியிறங்கினேன்.

எங்களுக்கு ஆவூர். நான் சிவில் டிப்ளமோ படித்துவிட்டு இன்னொருவரிடம் சூப்பர்வைசராக இருந்து, பிறகு சொந்தமாகக் காண்டிராக்ட் எடுத்தவன். வடிகால், சிறுபாலம், பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி. பெரிய வேலை எதுவும் இல்லை. ஆனால் நான் கட்டிய சுவர் எதுவும் இதுவரை விழவில்லை. இப்போது முட்டி தேய்ந்துவிட்டது, சாரத்தில் ஏற முடியவில்லை. மகன் தோஹாவில் இருக்கிறான். கம்பெனியை எடுத்து நடத்துடா என்றதற்கு, "அப்பா, ஒரு பில்லுக்கு நீங்க அலையுற அலைச்சலப் பாத்துத்தான் நான் இங்கிட்டு ஓடியாந்தேன்," என்று போனிலேயே பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டான். மூடுவதைத் தவிர வேறு வழியில்லை.

கம்பெனி ஆரம்பித்த கதையைச் சொல்ல வேண்டும். விராலிமலைப் பக்கம் ஒரு ஃபேக்டரி வந்தது. உள்ளே ரோடு, வடிகால், வாட்ச்மேன் அறை என்று நிறைய வேலை. தனி ஆளுக்குத் தர மாட்டோம், பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக வந்தால் தருகிறோம் என்றார்கள். கம்பெனி என்றால் குறைந்தது இரண்டு டைரக்டர் வேண்டும்.

அப்போது என் மனைவி அரசு உதவி பெறும் ஒரு எய்டட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நிர்வாகம் கொடுக்கிற சொற்பச் சம்பளம்தான். ஏழு வருஷமாக அரசுச் சம்பளத்துக்கான அப்ரூவலை எதிர்பார்த்துக் காத்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் ஒரு இடம் காலியாகிறது, அடுத்தது உன் பேர்தான் என்று தலைமை ஆசிரியை சிஸ்டர் சொல்லியிருந்தார். ஆனால் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் கம்பெனி டைரக்டராக இருக்கக் கூடாது. "வேற ஆளே இல்லையாங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "ஒன்னைய விட்டா நம்பி உக்கார வைக்க எனக்கு யாரு இருக்கா?" என்றேன். அடுத்த திங்கட்கிழமை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். காலியான அந்த இடம் அவளுக்கு அடுத்தபடியாக இருந்த டீச்சருக்குப் போயிற்று. அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசிக்கொண்டதே இல்லை. பேசாததால் அவளுக்கு மறந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

விராலிமலையில் ஒரு டயர் கடைக்குப் பின்னால் ஷீட் போட்ட ஒரு அறைதான் ஆபீஸ். மத்தியானம் உள்ளே உட்கார்ந்தால் வெந்துவிடலாம். மலையிலிருந்து மயில்கள் இறங்கி ஷீட்டின் மேல் நடக்கும்போது யாரோ கல்லெறிகிற மாதிரி சத்தம் கேட்கும். "இந்தா, பார்ட்டி வந்துருச்சு," என்பாள் அவள். ஒரு மேஜை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் மாதா படம் போட்ட காலண்டர். ஆவூரிலிருந்து என் பழைய ஸ்கூட்டரில் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வருவாள். ரோடு ரோலர் எங்கேயாவது போய்க்கொண்டிருந்தால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, "அது நம்மளுதா?" என்று கேட்பாள். எங்களிடம் ரோலர் இருந்ததே இல்லை. அது தெரிந்தும் கேட்பாள். நானும் ஒவ்வொரு தடவையும், "இல்ல, அடுத்தது நம்மளுது," என்பேன்.

டெண்டர் ஷெட்யூலில் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ரேட்டை எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும். என் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். அவள் எழுதினால் அச்சடித்த மாதிரி. பஞ்சாயத்து யூனியன் ஆபீசில், "டீச்சரம்மா ஷெட்யூல் வந்துருச்சா?" என்றுதான் கேட்பார்கள், என் பேரையோ கம்பெனி பேரையோ சொல்ல மாட்டார்கள். கான்கிரீட் போடுகிற அன்றைக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் உள்ளே போனது என்று காலிச் சாக்கை எண்ணிச் சரிபார்க்கிறவளும் அவள்தான். ஒரு சாக்கு குறைந்தாலும் மேஸ்திரி அவள் முகத்தைப் பார்க்கப் பயப்படுவார். என் சத்தத்துக்குப் பயப்படாதவர்கள்கூட அவளுக்குப் பயந்தார்கள். நான் கத்திவிட்டுப் போய்விடுவேன். அவள் பேசாமல் நின்றுகொண்டே இருப்பாள்.

ஒரு தடவை கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு குளத்துக்கு வரத்து வாய்க்காலின் மேல் சிறுபாலம். டெண்டர் பெட்டியை மூட அரை மணி நேரம் இருந்தது. நான் சொல்லச் சொல்ல, யூனியன் ஆபீஸ் வாசலில் ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். திடீரென்று பேனாவை நிறுத்தினாள்.

"ஏங்க, இங்கிட்டுப் பாருங்க. கம்பிக்கு டன் ரேட்டுல்ல கேட்டுருக்காங்க?"

"ஆமா, அதுக்கென்ன?"

"நீங்க கிலோ ரேட்டச் சொல்றீங்க. ஒரு டன் கம்பிய இருவத்தஞ்சு ரூவாய்க்குக் குடுக்கப் போறீங்களா? அப்பறம் பாலத்துக்கு அடியிலதான் நாம குடியிருக்கணும்."

எழுதியதை அவள் அடித்துத் திருத்த, பக்கத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுப் பெட்டியில் சேர்த்தோம். வேலை எங்களுக்கே வந்தது. அன்றைக்குத் திரும்பும்போது ஒரு முந்திரித் தோப்பு ஓரம் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டோம். காவல்காரம்மா கொடுத்த முந்திரிப் பழத்தைக் கடித்ததில் அதன் சாறு அவள் புதுச் சேலையில் வழிந்துவிட்டது. அந்தக் கறை போகவே போகாது. "போனாப் போகுது, ஒரு பாலமே வந்துருக்குல்ல," என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பிறகு எத்தனை தடவை பார்த்தேன் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவளுக்குக் கம்பெனியில் ஒரு சம்பளம் போடச் சொன்னவர் பெரிய ஆடிட்டர், இவருடைய அப்பா. "லாபம் முழுக்கக் கம்பெனியிலயே நின்னா அம்புட்டுக்கும் வரி. அந்தம்மா நெசமாவே வேலை பாக்குறாங்க, அவங்களுக்குச் சம்பளம் போடுங்க. அவங்களுக்கு வேற வருமானம் இல்ல, வரி வராது," என்றார். ஐயாயிரத்தில் ஆரம்பித்து முப்பதாயிரம் வரைக்கும் ஏறியது. மாதம் பிறந்தால் அவள் கணக்குக்குப் பணம் போகும். அன்றைக்கே ஜல்லிக்காரருக்கு, கம்பிக் கடைக்கு என்று கம்பெனிக்கே திரும்பி வந்துவிடும். செக் புத்தகத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு மேஜை டிராயரில் வைத்திருப்பாள். அவள் சம்பளம் என்று ஒரு நூறு ரூபாயைக்கூட நான் அவள் கையில் கொடுத்ததில்லை. அவளும் கேட்டதில்லை. வீட்டுச் செலவுக்கு நான் தந்துகொண்டுதானே இருந்தேன் என்று சொல்ல இப்போதும் வாய் வருகிறது. வரட்டும், எழுதியே வைக்கிறேன், அப்படித்தான் இருந்தேன்.

அடுத்த வாரம் இருவரும் போனோம். சாம்பல் புதன் கழிந்து தவக்காலம் தொடங்கியிருந்தது. அவள் கைப்பையில் நாற்பது பக்க நோட்டும் பேனாவும் எடுத்து வந்திருந்தாள். ஆடிட்டர் மூடுகிற விதத்தை விளக்க, அவள் குறிப்பெடுத்தாள். நான் காபி குடித்தேன்.

"மிஷினு, சென்ட்ரிங் ஷீட்டு எல்லாத்தையும் மொதல்ல பில் போட்டு வித்துருங்க. பொருளக் கையில வச்சுக்கிட்டு ஜிஎஸ்டிய ரத்து பண்ணுனா, வாங்குறப்ப எடுத்த வரியத் திருப்பிக் கட்டணும். மிக்சர் மிஷினோட மதிப்பு ஏட்டுல தேஞ்சு போச்சு, அதனால வித்த காசு லாபமாத் தெரியும். அதே வருசத்துலயே ஆளுங்களுக்குப் பணிக்கொடையக் குடுத்து முடிச்சுருங்க. அது செலவு, லாபம் கொறஞ்சுரும். எப்படியும் குடுக்க வேண்டியதுதானே, தள்ளிப் போட்டா அவங்களுக்கும் கஷ்டம், ஒங்களுக்கும் வரி."

"டெபாசிட்டு?" என்று கேட்டாள் அவள்.

"நல்லாக் கேட்டீங்க மேடம். பில்லுல பிடிச்சு வச்சிருக்கிற டெபாசிட்டும், பிடிச்ச வரியில திரும்பி வர்றதும் வந்து சேர்ற வரைக்கும் பேங்க் கணக்க மூடாதீங்க. கணக்க மூடிட்டு ரீஃபண்ட் வரலைன்னு என்கிட்ட வந்து அழுதவங்க நெறையப் பேரு."

பிறகு ஒரு தாளை எடுத்து நாலு டம்ளர் வரைந்தார். "கடைசியில மிஞ்சுற லாபத்த ஒரே டம்ளர்ல ஊத்துனா வழியும். வழியுறது வரிக்காரங்களுக்கு. பங்கு ஒங்களுக்குப் பாதி, மேடத்துக்குப் பாதி. மார்ச்சுக்குள்ள கொஞ்சம் டிவிடெண்டாக் குடுப்போம், ஏப்ரல் பொறந்ததும் மிச்சத்தக் குடுப்போம். ரெண்டு பேரு, ரெண்டு வருசம், நாலு டம்ளர். ஒண்ணும் வழியாது."

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறது என்று நினைத்தேன்.

"ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி கடன அடைக்கணும் சார். கடன் திரும்பி வந்தா அது வருமானமே இல்ல, ஒரு பைசா வரி கெடையாது."

"நமக்கு ஏதுங்க கடன்? யாருக்கும் ஒரு ரூவா பாக்கி இல்ல," என்றேன் நான், மீசையில் கை வைத்துக்கொண்டு.

"மேடத்துக்கு இருக்கே. வருசா வருசம் அவங்க சம்பளத்தக் கம்பெனிக்குக் கடனாக் குடுத்துருக்காங்க. அப்பா ஒண்ணு விடாம எழுதி வச்சுருக்காரு. நாப்பத்தி நாலு லட்சத்துச் சொச்சம்."

மிஷின் விற்றால் வருவது, டெபாசிட், வங்கி இருப்பு எல்லாம் சேர்த்தால் கம்பெனியிடம் அறுபது லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே தேறும். அதில் முக்கால்வாசி அவளுடையது. அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "எம் பேர்ல இம்புட்டு இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் குறுக்கே விழுந்தேன். "அது சும்மா கணக்குக்குத்தானேங்க. ரொக்கமா எடுத்து..."

"ரொக்கமாக் குடுத்தா எவ்வளவு குடுத்தீங்களோ அவ்வளவும் அபராதம் சார். பேங்க் வழியா மேடம் கணக்குக்குத்தான் போகணும். அந்தப் பணத்துக்கு அவங்கதான் சொந்தக்காரங்க. நீங்க கேட்டு அவங்க குடுத்தா அது வேற விசயம்."

எனக்கு அந்தப் பணத்தின் மேல் கண் இருந்தது, மறைக்கவில்லை. விராலிமலை பைபாஸ் ஓரம் பதினான்கு சென்ட் இடம் பேசி இரண்டு லட்சம் முன்பணமும் கொடுத்திருந்தேன். ஏப்ரலுக்குள் மீதியைக் கொடுத்துப் பத்திரம் முடிக்க வேண்டும். ஆறு கடை கட்டலாம், வாடகை வரும். அதைவிட, ஊருக்கெல்லாம் கட்டின நான் எனக்கென்று ஒரு செங்கல் வைத்ததில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்தாவது கடைசியாக ஒரு கட்டடம் எழும்புவதைப் பார்க்க வேண்டும் என்று வெறியாக இருந்தேன். அவளிடம் இடத்தைப் பற்றி லேசாகச் சொல்லியிருந்தேன். பணம் எங்கிருந்து என்று சொல்லவில்லை.

பங்குப் பத்திரம் சரிபார்க்க ஆடிட்டர் கம்பெனி ஆரம்பித்த பழைய ஃபைலைப் பிரித்தார். முதல் விண்ணப்பத்தின் நகல் மேலே இருந்தது. "அட, மொதல்ல ரெண்டாவது டைரக்டரா சாரோட தம்பி பேருதான் டைப் அடிச்சுருக்கு போல," என்றார் வெள்ளந்தியாக. தம்பி பேரை மையால் அடித்து, அதன் மேல் கோழி கிண்டின என் கையெழுத்தில் அவள் பேர் எழுதியிருந்தது. ஓரத்தில் பெரிய ஆடிட்டர் பென்சிலால் குறித்திருந்தார். எதற்கும் ஒரு குறிப்பு எழுதி வைக்கிற மனுஷன். என் மனைவி ஃபைலைத் தன் பக்கம் திருப்பி வைத்து அதைப் படித்தாள்.

'தம்பி சம்மதம் சொல்லியாயிற்று. மனைவி டீச்சர் வேலையை விட வேண்டாம், தம்பியே போதும் என்று எடுத்துச் சொன்னேன். கேட்கவில்லை.'

தம்பிக்கும் எனக்கும் அப்போது சண்டை. பாகம் பிரித்ததில் ஒரு வேப்பமரம் யாருக்கு என்று பேச்சு முற்றிப் பேசாமல் இருந்தோம். பெரிய ஆடிட்டர் போன் போட்டுக் கேட்டபோது, அண்ணனுக்காகக் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொன்னவன் அவன். அவனுடைய கையெழுத்துக்கு நான் காத்திருப்பதா என்று வீம்பு பிடித்தவன் நான். இன்னொன்றும் உண்டு, எழுதக் கூசுகிறது. அரசுச் சம்பளம் வந்துவிட்டால் வீட்டில் அவள் கை ஓங்கிவிடுமோ என்று பயந்தேன். என் பில் வராத மாதங்களில் அவள் சம்பளத்தில் சாப்பிட வேண்டியிருக்குமே என்று பயந்தேன். பயம் என்று அப்போது தெரியாது. ரோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் ஃபைலை மூடிக் கொடுத்துவிட்டாள். "வேற என்னென்ன பேப்பர் வேணும் தம்பி?" என்று ஆடிட்டரைக் கேட்டு, அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

காரில் கீரனூர் வரும் வரைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, கொதித்தது. டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்திவிட்டுக் கத்தினேன். "ஏதாச்சும் பேசித் தொலையேன்! திட்டணும்னா திட்டு! ஊமையா உக்காந்துருந்தா என்ன அர்த்தம்?"

"நான் என்னத்தப் பேசுறது? இந்த மே மாசத்தோட எனக்கு ரிட்டயர்டு. அத நெனச்சுக்கிட்டு வாரேன்."

"என்ன ரிட்டயர்டு?"

"அந்த வேலையில இருந்துருந்தா," என்றாள். "வருசா வருசம் பள்ளிக்கூடம் தொறக்கிற அன்னைக்கு ஒரு வருசத்தக் கூட்டிக்குவேன். இந்த வருசத்தோட முடியுது."

இருபத்திரண்டு ஜூன் மாதங்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து டெண்டர் எழுதிக்கொண்டே எண்ணியிருக்கிறாள். "தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சுரு," என்றேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை நான் சொன்னது அன்றைக்குத்தான்.

"அதச் சாமியாருட்டப் போய்ச் சொல்லுங்க, பாவசங்கீர்த்தனத்துல. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அந்தப் பணம் என்னோடதா, ஒங்களோடதா?"

நான் வண்டியைக் கிளப்பினேன். எதைச் சொன்னாலும் இடம் போகும், இல்லை அவள் போவாள். அவள் எங்கேயும் போக மாட்டாள் என்று எனக்குத் தெரியும். வீட்டிலேயே இருந்துகொண்டு போய்விடுவாள், அதுதான் பயம்.

தவக்காலம் முழுக்க இப்படியே போயிற்று. மிக்சர் மிஷினைக் குளித்தலைக்காரர் ஒருவர் வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். மிஷின் ஆபரேட்டர் பணிக்கொடை செக்கை வாங்கிக்கொண்டு டீச்சரம்மா காலில் விழப் போனார், அவள் தடுத்துவிட்டாள். டயர் கடைக்காரரிடம் ஆபீஸ் சாவியைக் கொடுத்த அன்று நான் வெறும் அறையில் கொஞ்ச நேரம் நின்றேன். மயில் ஒன்று ஷீட்டில் தடதடவென்று நடந்தது. வெட்கமில்லாமல் அழுதேன். இடத்துக்காரர் ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்தார். நான் அவளிடம் கேட்கவில்லை. அவளும் பதில் கேட்கவில்லை. குழம்பும் சோறும் நேரத்துக்கு வந்தன. பேச்சு மட்டும் அளந்து வந்தது.

அந்த வருஷம் ஈஸ்டரும் மார்ச் முப்பத்தொன்றும் ஒரே நாளில் வந்தன. வருஷக் கணக்கு முடிவதற்குள் கடனை அடைத்துவிட வேண்டும் என்று ஆடிட்டர் விரட்டினார். பெரிய வெள்ளி விடுமுறை. பெரிய சனிக்கிழமை காலையில்தான் வங்கி. இருவரும் போனோம். நான் செக்கை எழுதினேன், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். கிளார்க் அம்மா கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, "போயிருச்சு," என்றார். அவள் போனில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

பிறகு போனைக் கைப்பையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "பைபாஸ் எடத்துக்கு எம்புட்டுக் கொறையுது?"

சொல்லியிருந்தால் கொடுத்திருப்பாள். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ராஜினாமா கொடுத்த மாதிரியே, ஒரு தடவை கேட்டுவிட்டுக் கொடுத்திருப்பாள். என் சட்டைப்பையில் இடத்தின் ஒப்பந்தப் பத்திரம் இருந்தது. ஆறு கடையும் கண்ணுக்கு முன்னால் ஷட்டரோடு நின்றன.

"ஒண்ணும் கொறையல. அந்த எடம் வேணாம்னு சொல்லிட்டேன்," என்றேன். சொல்லியிருக்கவில்லை, வெளியே வந்துதான் போன் செய்தேன். "அது ஒன் சம்பளம். ஒன் பணம்."

அவள் அடுத்த கவுண்டருக்குப் போய் ஃபிக்சட் டெபாசிட் ஃபாரம் கேட்டாள். வட்டியைச் சேர்த்துக்கொண்டே போகவா, மூணு மாதத்துக்கு ஒரு தடவையா என்று கிளார்க் கேட்டதற்கு, "மாசா மாசம் வேணும். ஒண்ணாந்தேதி கரெக்டா வரணும்," என்றாள். அவள் அந்த ஃபாரத்தை நிரப்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முன்பணம் இரண்டு லட்சம் போனது போனதுதான். இடத்துக்காரர் திருப்பித் தரவில்லை, நானும் கேட்க முடியாது. அன்று ராத்திரி ஈஸ்டர் பூசையில் என் பக்கத்தில்தான் நின்றாள்.

மே மாதக் கடைசியில் ஒரு அழைப்பிதழ் வந்தது. அவள் விட்டு வந்த இடத்தில் அப்ரூவல் வாங்கிய அந்த டீச்சருக்குப் பணி ஓய்வு. போக வேண்டாம் என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன். புதுச் சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், சந்தன மாலை, பொன்னாடை, புகழ்ந்து பேச ஏழெட்டுப் பேர். மேடையில் அந்த டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் முழு நேரமும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒவ்வொரு பேச்சுக்கும் கை தட்டினாள்.

பந்தியில் அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். வேறு ஊர்ப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "நீங்களும் டீச்சரா? எப்ப ரிட்டயர்டு?" என்று கேட்டார்.

அவள் சமாளிக்கட்டும் என்று விடாமல், நானே ஏதாவது சொல்லிப் பேச்சை மாற்றிவிடலாமா என்று வாயைத் திறந்தேன்.

"மார்ச்சோட ஆயிட்டேங்க," என்றாள் அவள். "ஏழு வருசம் இதே ஸ்கூலு. அப்பறம் இருவத்திரண்டு வருசம் ஒரு கம்பெனியில."

"அடேயப்பா, இருவத்தொம்பது வருசம் சர்வீசு! கம்பெனின்னா பென்ஷன் இருக்காதே?"

"ஏன் இல்லாம? எனக்கு உண்டுங்க. மாசம் ஒண்ணாந்தேதி காலையில வந்துருது."

அப்படி நிமிர்ந்த குரலில் அவள் தன்னைப் பற்றி ஒருவரிடம் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த அம்மா, "குடுத்து வச்சவுங்க," என்று அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். அவள் சிரித்தாள், என் பக்கம் திரும்பவில்லை. அந்தச் சிரிப்பு நியாயமாக இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பே அவளுக்கு வந்திருக்க வேண்டியது. நான்தான் வர விடவில்லை. என் இலையில் பாயசம் ஊற்றிவிட்டுப் போனார்கள். என்னால் அதில் கை வைக்க முடியவில்லை.